அங்கோர்: கல்லும் நீரும்

கடல் கடந்த நாடுகளின் பழங்கோயில்களைக் காண விழையும் நம் நாட்டவருக்கு முதலில் நினைவில் எழுவது கம்போடியாவிலுள்ள அங்கோர் வாட். 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எடுத்த கோயில் அது. பின்னர்ப் பௌத்தத் தலமாயிற்று. இன்றும் வழிபாடு நிகழ்கிறது. இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் 1986 முதல் 1993 வரை அங்குச் சீரமைப்புப் பணி புரிந்தனர். அதன் கோபுரங்களையும், பாற்கடல் கடைந்த காட்சியைச் செதுக்கிய நெடுஞ்சுவரையும் கண்டு வியந்து திரும்புவோர் பலர். ஆனால் அக்கல்லைத் தாங்கி நிற்கும் நீரை நின்று நோக்குவோர் சிலரே. நீரைக் காணாதவர் அங்கோரைப் பாதியே கண்டவராவர்.

அந்நீரின் கதை வடக்கேயுள்ள குலேன் மலையில் தொடங்குகிறது. அம்மலைப் பகுதியில் க்பால் ஸ்பியன் என்னும் இடத்தில், காட்டு வழியே ஏறிச் சென்றால், ஓடைப் படுகைப் பாறையில் வரிசை வரிசையாகச் சிவலிங்கங்கள் செதுக்கப்பட்டிருக்கக் காணலாம். அருகே பள்ளிகொண்ட திருமாலும் உண்டு. இவற்றைத் தழுவிப் புனிதமாகும் நீரே கீழே சமவெளிக்குப் பாய்கிறது.

சமவெளியில் அதனைத் தேக்கிய ஏரிகளுள் பெரியது மேற்குப் பாராய். 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அது ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமும் 2 கிலோமீட்டர் அகலமும் உடையது. நம் ஊர் ஏரிகளுக்குப் பெரும்பாலும் மூன்று புறமே கரை; மேட்டுப்புறம் நீர் வரத் திறந்திருக்கும். பாராய்க்கோ நாற்புறமும் மண்கரை. ஏரிக்கரையில் வளர்ந்த தமிழர் எவரும் இவ்வேறுபாட்டை ஒரே பார்வையில் உணர்வர்.

கோயிலைச் சூழ்ந்த அகழியின் அகலம் சுமார் 190 மீட்டர். அது அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. கோயிலின் அடியில் இருப்பது கெட்டித்த மணல். நிலத்தடி நீர் அம்மணலை ஈரமாக வைத்திருக்கும் வரை அது பாரத்தைத் தாங்கும். நீர்மட்டம் தாழ்ந்தால் மணல் தளரும், கல் சரியும்.

நீர் பொய்த்தால் நேர்வது யாது என்பதை அந்நகரமே முன்னர்க் கண்டது. வியட்நாம் மலைக்காட்டுப் பழமரங்களின் வளையங்களைக் கொண்டு செய்து 2010-இல் வெளியான ஆய்வு, 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் நீண்ட வறட்சியும் இடையிடையே பெருமழையும் மாறிமாறி வந்ததைக் காட்டிற்று. வறட்சியில் ஏரிகள் வற்றின. வெள்ளத்தில் கால்வாய்கள் சிதைந்தன. அண்டை நாட்டுப் படையெடுப்போடு இதுவும் அந்நகரின் தளர்ச்சிக்குக் காரணமாயிற்று.

இன்றைய இடர் வேறு வகையானது. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான பயணிகள் அருகிலுள்ள சியம் ரீப் நகரில் தங்குகின்றனர். அவர்களுக்காக ஆழ்குழாய்க் கிணறுகள் நிலத்தடி நீரை இறைத்தன. கோயிலைக் காண வந்தவரின் குளியல் நீரே கோயிலின் அடித்தளத்தைத் தளர்த்தக்கூடும் என்பதை வல்லுநர் எடுத்துரைத்தனர். அதன்பின் குழாய் நீர் வழங்கலுக்கு வழி செய்யப்பட்டது. பழைய ஏரிகள் சிலவற்றில் மீண்டும் நீர் தேக்கப்பட்டது.

ஆதலின் அங்கோர் செல்வோர் மழைக்காலம் முடியும் அக்டோபர், நவம்பர் மாதங்களைத் தேர்ந்தால் ஏரியும் அகழியும் நிறைந்திருக்கக் காணலாம். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். முதல் நாள் மலை ஓடை, மறுநாள் ஏரி, அதன்பின் கோயில் என்று நீரின் வழியே செல்வது நன்று. தங்கும் இடத்தில் நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதும் அக்கோயிலுக்கு நாம் ஆற்றும் தொண்டேயாகும்.