தளர்ந்த இருதயமும் தூண்டும் மருந்தும்

இருதயம் தளர்ந்தால் இரத்தம் தேங்குகிறது. கால் வீங்கும், மூச்சுத் திணறும். டிஜிடாலிஸ் இலையின் குணத்தை 1785-இல் விதரிங் என்னும் ஆங்கில வைத்தியர் நூலாக வெளியிட்டார். அவ்வினத்து டிஜாக்ஸின், துடிப்பை வலுப்படுத்தி வேகத்தைத் தணிக்கிறது. சிறுநீரகத்திற்கு இரத்தம் நன்கு பாய்ந்து, தேங்கிய நீர் வெளியேறுகிறது. ஆயினும் 1997-இல் வெளியான ஆராய்ச்சியின்படி அது ஆயுளை நீட்டவில்லை; ஆஸ்பத்திரிவாசத்தையே குறைத்தது.

டோபுடமின் துடிப்பைக் கூட்டும்போது இருதயத்தின் பிராணவாயுச் செலவும் கூடுகிறது. கரி குறைந்த நீராவி எஞ்சினில் வேகத்தைக் கூட்டினால் என்னவாகும் என்பதை ரயில்வேக்காரர்களாகிய நமக்குச் சொல்ல வேண்டுவதில்லை! மில்ரினோன் மாத்திரையை நெடுநாள் உண்டோரிடையே மரணம் மிகுந்ததென 1991-இல் தெரியவந்தது. ஆதலின் இவ்விரண்டையும் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில், நரம்பு வழியே, சில நாட்களுக்கே செலுத்துகின்றனர்.

டிஜாக்ஸின் உண்ணும் முதியோர் குமட்டல் என்றாலோ, கண்ணுக்கு யாவும் மஞ்சளாய்த் தோன்றுகிறதென்றாலோ தாமதிக்கலாகாது. இவ்வூர்ப் பாஷை அறியாத பாட்டிக்காக, நம்மில் ஒருவர் உடன்சென்று டாக்டரிடம் எடுத்துரைப்போமாக.