வீட்டுக்கு எசமான் யார்?

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே அமெரிக்க நாட்டின் பல இல்லங்களில் விசித்திரமான நிகழ்ச்சியொன்று நேர்ந்தது. கைத்தொலைபேசியைத் தொட்டதும் எரிந்து பழகிய விளக்குகள், அன்று எத்தனை முறை தொட்டும் எரியவில்லை. விளக்கிற் பழுதில்லை, மின்சாரமும் நிற்கவில்லை. இன்ஸ்டியோன் என்னும் கம்பனி, தொலைவிலிருந்த தன் கணினிகளை முன்னறிவித்தலின்றி நிறுத்திவிட்டது. வீடும் விளக்கும் தம்முடையவை. தொலைபேசிமூலம் அவற்றை ஆளும் அதிகாரமோ பிறர் கையில்! வாடிக்கையாளர் சிலர் ஒன்றுகூடி அக்கம்பனியை விலைக்கு வாங்கிய பின்னரே, ஜூன் மாதத்தில் அச்சேவை உயிர்பெற்றது.

கம்பியில்லா முறையில் இல்லத்தை இயக்க விரும்புவோர் இதனை மனத்திற் பதித்துக்கொள்ளல் நலம்.

இவ்வமைப்பு எவ்வாறு வேலை செய்கிறது? மின்குமிழ், ஆளி, கதவு திறப்பதை உணருங் கருவி ஆகிய ஒவ்வொன்றினுள்ளும் சிறிய வானொலிப் பொறியொன்று உண்டு. அவை தம்முட் பேசும் முறைகளுள் ஸிக்பீ என்பது ஒன்று. மலரைக் கண்ட தேனீ, கூட்டுக்குத் திரும்பி ஆடிக்காட்டிச் செய்தி சொல்லுமல்லவா? அதனை நினைந்தே இப்பெயரை இட்டனர். நிலையான மின்னிணைப்பிலுள்ள கருவிகள், தாம் பெற்ற செய்தியை அயலிலுள்ள கருவிக்குக் கைமாற்றும். மின்கலத்தில் இயங்குவனவோ பெரும்பொழுது உறங்கி, வேண்டியபோது மட்டும் விழித்துப் பேசும். ஆதலால், தலைமைக் கருவிக்கு அண்மையில் தொடங்கி, தூரத்து அறைகளை நோக்கிப் படிப்படியாக இணைத்துச் செல்லுதல் வேண்டும்.

ஸிக்பீயும் வைபையும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைகளையே பகிர்ந்துகொள்வதுண்டு. சந்தை இரைச்சலில் மெல்லிய குரல் கேளாததுபோல, வைபை ரவுட்டருக்கு அருகில் வைத்த தலைமைக் கருவி தடுமாறும். இரண்டையும் சற்று விலக்கி வைத்தல் நன்று. ஸிக்பீக்கு அங்கே 16 வழிகள் உள. வைபை நடமாட்டம் குறைந்த வழியைத் தெரிந்துகொள்ளலாம்.

இனி, எசமான் யார் என்னும் வினாவுக்கு வருவோம். தலைமைக் கருவி நம் வீட்டினுள்ளேயே இருந்து, வெளியுதவியின்றி இயங்குதல் வேண்டும். 2013இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் என்னும் இலவச மென்பொருளைச் சிறிய கணினியொன்றில் நிறுவி இதனைச் செய்யலாம்.

அடுத்து, கருவிகளுடன் வந்த கடவுச்சொற்களை உடனே மாற்றுதல் வேண்டும். 2016இல் மிராய் என்னும் தீநிரல், அவ்வாறு மாற்றாது விட்ட கமராக்களையும் ரவுட்டர்களையும் இலட்சக்கணக்கில் வசப்படுத்தி, பெரிய இணையத்தளங்களையே முடக்கியது.

மூன்றாவதாக, சுவரிலுள்ள ஆளியை அகற்றவேண்டாம். பாட்டியாரும் பாலகரும் தொலைபேசியைத் தேடாமலே விளக்கேற்ற முடிதல் வேண்டும். ஆனால், வானொலிப் பொறியுள்ள குமிழுக்குச் சுவராளியில் மின்சாரத்தைத் துண்டித்தால், அது செய்தி கைமாற்றுவதும் நின்றுவிடும். ஆளியின் பின்னே பொருத்தும் கருவியாயின் இவ்விடர் இல்லை. அவ்வேலையை மின்வேலை அறிந்தவரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

மாணவர்கள் ஒரு குமிழும் ஓர் ஆளியுங்கொண்டு தொடங்கலாம். யாவும் அமைந்தபின், வெளியிலிருந்து ரவுட்டருக்கு வரும் இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு விளக்கை ஏற்றிப் பாருங்கள். அது எரிந்தால், வீட்டுக்கு எசமான் நாமே.