மொசாம்பிக்கின் முந்திரி: போரும் கடன் நிபந்தனையும்

கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை நாடான மொசாம்பிக், 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் முந்திரிக்கொட்டை விளைவித்தது. அன்று உலகில் அதற்கே முதலிடம். இருபது ஆண்டுகளுக்குள் அந்த விளைச்சலில் சிறு பங்குதான் மிஞ்சியது.

சரிவு போருக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1975இல் போர்ச்சுகலிடமிருந்து விடுதலை கிடைத்தபோது, ஊர்ப்புறக் கடைகளை நடத்திய போர்ச்சுக்கீசியரும் இந்திய வம்சாவளியினரும் பெருமளவில் வெளியேறினர். முந்திரி வியாபாரமே அந்தக் கடைகளை நம்பித்தான் இருந்தது. விவசாயி மூட்டையைக் கடையில் இறக்கிவிட்டுத் துணி, சோப்பு, உப்பு வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார். கடை மூடிய பிறகு காசு இருந்தாலும் வாங்கப் பொருளில்லை; மரத்தடியில் உதிர்ந்த கொட்டையைப் பொறுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அரசு மக்களைக் கூட்டுக் கிராமங்களில் குடியேற்றியதால் தோப்புகளும் எட்டிப்போயின.

1977இல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆளும் ஃப்ரெலிமோ கட்சியின் அரசை எதிர்த்த ரெனாமோ கிளர்ச்சிப் படையை முதலில் ரொடீசியாவும் (இன்றைய ஜிம்பாப்வே) பிறகு நிறவெறி அரசு நடந்த தென்னாப்பிரிக்காவும் வளர்த்துவிட்டன. சாலை, ரயில்பாதை, பள்ளி, மருத்துவ நிலையம் என்று ஒன்றும் தப்பவில்லை. போராலும் பஞ்சத்தாலும் சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். சுமார் 50 லட்சம் பேர் ஊரைவிட்டு ஓடினர். முந்திரிக் கன்று காய்ப்புக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். அடுத்த அறுவடைக்கு இருப்போமா என்று தெரியாதவர்கள் கன்று நடவில்லை. இருந்த மரங்கள் கிழடாயின; சாம்பல் நோயும் சேர்ந்துகொண்டது.

1992 அக்டோபர் 4 அன்று ரோமில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. வெளிநாட்டு உதவியை உலகிலேயே மிக அதிகமாக நம்பியிருந்த நாடுகளில் மொசாம்பிக்கும் ஒன்று. அகதிகள் வீடு திரும்பவும் கண்ணிவெடிகள் அகற்றப்படவும் அந்த உதவி பெரிதும் கைகொடுத்தது. ஆனால், கடன் கொடுத்தவர் சொல்லைத் தட்ட முடியாத நிலையும் அதனாலேயே வந்தது.

அதன் விலையை முந்திரி ஆலைகள் கொடுத்தன. உள்ளூர் ஆலைகளுக்குச் சரக்கு கிடைக்க வேண்டும் என்று, உடைக்காத கொட்டையின் ஏற்றுமதிக்கு முதலில் தடையும் பிறகு கடும் வரியும் இருந்தன. ஆலைகள் திறமையற்றவை, வரி விவசாயிக்கான விலையைக் குறைக்கிறது என்று வாதிட்ட உலக வங்கி, வரிக்குறைப்பைக் கடன் நிபந்தனையாக்கியது. 1990களின் நடுவில் வரி 14 சதவீதமாக இறங்கியது. அதே சமயம் அரசு ஆலைகள் தனியாருக்கு விற்கப்பட்டன. கொட்டை கப்பலேறி இந்தியாவுக்கு, குறிப்பாகக் கேரளத்தின் கொல்லத்துக்குப் போயிற்று. கொல்லத்துப் பெண்கள் கையால் உடைத்ததால் முழுப் பருப்பு நிறையக் கிடைத்தது. மொசாம்பிக்கின் இயந்திரங்களில் பருப்பு நொறுங்கியது. நொறுங்கிய பருப்புக்கு விலை குறைவு. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஏறத்தாழ 10,000 தொழிலாளர்களில் பெரும்பாலானோர் வேலை இழந்தனர்.

வங்கியின் வாதத்தில் பாதி உண்மை இருந்தது. ஆலைகளின் திறமைக்குறைவு யாரும் மறுக்க முடியாதது. ஆனால் கூடுதல் விலை விவசாயி கைக்கு வந்து சேரும் என்ற கணக்கு பிழைத்தது. நடுவில் வியாபாரிகள் இருந்தார்கள். வெளியே, சொல்லப்போனால், இந்தியாவைத் தவிர வேறு பெரிய வாடிக்கையாளர் இல்லை. மெக்மில்லன், ரோட்ரிக், வெல்ச் என்ற பொருளியலாளர்களின் ஆய்வின்படி, முந்திரி பயிரிடும் சராசரிக் குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 5 டாலர்தான் கூடியது. அந்தச் சிறு தொகைக்காக ஆயிரக்கணக்கான கூலிக் குடும்பங்கள் தெருவுக்கு வந்தது அநியாயம். சாலையும் புதுக் கன்றும் வியாபாரிகளிடையே போட்டியும் முதலில் வந்திருக்க வேண்டும். வரிக்குறைப்பு அதற்குப் பிறகு.

1999இல் மொசாம்பிக் நாடாளுமன்றம் உடைக்காத கொட்டைக்கு 18 முதல் 22 சதவீதம் வரை ஏற்றுமதி வரி விதிக்கச் சட்டம் இயற்றியது. அடுத்த பத்தாண்டில் நம்புலா மாகாணத்தில், இந்திய முறையைப் பின்பற்றிக் கைவேலையை நம்பும் சிறு ஆலைகள் எழுந்தன. பழைய பெரிய இயந்திர ஆலைகளுக்கு மாறாக இவை முழுப் பருப்பை அதிகம் தந்தன. மூடிய தொழிலில் மீண்டும் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைத்தது.