வலது காலில் கியர்

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘தாத்தா வண்டி’. கிள்ளானில், வீட்டின் பின்புறம் துணி துவைக்கும் இடத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில், கோணிச் சாக்கு போர்த்தியபடி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றிருந்தது. சிறுவயதில் அது ஒளிந்து விளையாட நல்ல இடம், அவ்வளவுதான். போன பருவ விடுமுறையில் அப்பா திடீரென்று சாக்கை விலக்கி, “இதை ஓட வைப்போமா?” என்று கேட்டார்.

அது பிஎஸ்ஏ பேன்டம், 125 சிசி. தோட்டத்தில் கிராணியாக இருந்த தாத்தா, 1963-இல் தோட்டத்து டிரெசரிடமிருந்து அதைப் பழைய வண்டியாக வாங்கினார். தீபாவளி, தைப்பூசம் வந்தால் குடும்பமே அதில் ஏறி, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இருந்த தாத்தாவின் அக்கா வீட்டுக்குப் போகும். பெட்ரோல் தொட்டியின் மேல் அப்பா, பிறகு தாத்தா, நடுவில் அத்தை, கடைசியில் சேலையோடு ஒரு பக்கமாக உட்கார்ந்த பாட்டி. முப்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம். மலேசியாவில் தலைக்கவசம் கட்டாயமானது 1973-இல்தான். ஏற்றம் வந்தால் பாட்டி இறங்கி நடப்பாராம். இந்தக் கதையை அப்பாவும் அத்தையும் நூறு முறை சொல்லியிருப்பார்கள். பாட்டி சொல்லி நான் கேட்டதில்லை.

வண்டியின் பூர்வீகம் சுவையானது. பிஎஸ்ஏ என்றால் பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861-இல் துப்பாக்கி செய்யத் தொடங்கிய நிறுவனம் என்பதால் மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து வைத்ததுதான் அதன் சின்னம். ஆனால் பேன்டமின் வடிவம் பிரிட்டிஷ்காரர்களுடையது அல்ல. ஜெர்மனியின் டிகேடபிள்யூ ஆர்டி 125 என்ற வண்டியின் வரைபடங்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பின் இழப்பீடாகப் பிரிட்டனுக்குக் கிடைத்தன. பிஎஸ்ஏ பொறியாளர்கள் அதைக் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகத் திருப்பி, அளவுகளை அங்குலத்துக்கு மாற்றி, 1948-இல் பேன்டம் என்று வெளியிட்டார்கள். அதே ஜெர்மன் வண்டியைப் பின்பற்றித்தான் 1955-இல் யமஹா தன் முதல் மோட்டார் சைக்கிளான ஒய்ஏ-1ஐச் செய்தது. இன்று கூட்டரசு நெடுஞ்சாலையில் நம்மை முந்திச் செல்லும் யமஹாக்களுக்கு எங்கள் வண்டி ஒரு வகையில் பெரியம்மா முறை! பேன்டம் என்ற பெயரும் பக்கத்து ஊர்தான். ஜாவாவின் பாந்தன் துறைமுகத்தில் ஐரோப்பிய மாலுமிகள் வாங்கிச் சென்ற குட்டைக் கோழிகளுக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்தது. தம்மாத்துண்டு வண்டிக்குப் பொருத்தமான பெயர்.

பழுதுபார்ப்பு நாங்கள் நினைத்தது போல இல்லை. முதலில் எங்கள் ஸ்பேனர் எதுவும் பொருந்தவில்லை. பிரிட்டிஷ் விட்வொர்த் ஸ்பேனரில் எழுதியிருக்கும் எண், போல்ட் தலையின் அளவு அல்ல, தண்டின் அளவு. அது தெரியாமல் இரண்டு போல்ட்டுகளின் முனைகளை மழுங்கடித்தேன். பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. காப்பார் சாலையில் பட்டறை வைத்திருக்கும் சீன அங்கிள் ஒருவர், பிளக் துளை வழியாக டீசலும் எண்ணெயும் ஊற்றி ஒரு வாரம் தொடாதே என்றார். எட்டாவது நாள் அசைந்தது.

காபரேட்டரைக் கழுவினோம், பாய்ண்டைத் தேய்த்தோம், தீப்பொறியும் வந்தது. ஆனாலும் இன்ஜின் எழவில்லை. இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோல் கலவை நேராக சிலிண்டருக்குப் போகாது. முதலில் கீழே கிராங்க் அறைக்குள் வந்து, பிஸ்டன் இறங்கும்போது அழுத்தப்பட்டு மேலே ஏறும். அந்த அறையில் காற்று கசிந்தால் எத்தனை முறை உதைத்தாலும் பயனில்லை. கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல்கள் கல்லாகியிருந்தன. ரப்பர்த் தோட்டத்திலேயே உழன்ற வண்டிக்கு, ரப்பர் வளையம் இங்கிலாந்திலிருந்து தபாலில் வந்தது.

சீல்களோடு ஒரு புதிய கியர் லீவரையும் அப்பா வரவழைத்திருந்தார். பழைய லீவரின் நடுவில் யாரோ ஓர் இரும்புத் துண்டை வெல்டிங் செய்து ஒட்டியிருந்தார்கள். பார்க்கவே அசிங்கம். பச்சை வண்ணம் பூசி, குரோம் மின்ன, வண்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்தது போல நிறுத்த வேண்டும் என்பது அப்பாவின் கனவு. அதில் அந்தத் துண்டுக்கு இடமில்லை. சோதித்துப் பார்த்துவிட்டு மாற்றலாம் என்று விட்டிருந்தோம்.

பக்கத்துக் காலி நிலத்தில் முதல் ஓட்டம். பாட்டி வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கப்சாய் ஓட்டிப் பழகியவள். எனக்குப் பிரேக் வலது காலில், கியர் இடது காலில். பேன்டமில் தலைகீழ். பிரேக் என்று நினைத்து வலது காலை அழுத்தினேன். கியர் மாறி, வண்டி ஒரு குதி குதித்து நின்றது. மூன்று முறை இப்படியே நடந்தது.

“கண்ணு, வலது காலு கியரு, இடது காலு பிரேக்கு. குதிகாலை எடுக்காத. முன்பாதத்தால மட்டும் தொடு,” என்றார் பாட்டி.

அப்பா திரும்பிப் பார்த்தார். பாட்டி எப்போதும் பின்னால் இடப்பக்கம் திரும்பி உட்கார்ந்து போனவர். தாத்தாவின் வலது கால் என்ன செய்தது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

“உனக்கு எப்படிம்மா தெரியும்?”

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு நிதானமாகச் சொன்னார். 1968-இல் தாத்தா வழுக்கி விழுந்து வலது கணுக்காலை உடைத்துக்கொண்டார். உதைத்துக் கிளப்பவும் கியர் போடவும் அந்தக் கால்தான் வேண்டும். இரண்டு மாதம் அவரால் வண்டியைத் தொட முடியவில்லை. பால்வெட்டு முடிந்த மத்தியானங்களில், ரப்பர் மரங்களுக்கு நடுவிலிருந்த செம்மண் சாலையில் தாத்தா பின்னால் உட்கார்ந்து பாட்டிக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பாட்டிக்குப் பாதம் சிறியது, லீவருக்கு எட்டவில்லை. தோட்டத்துப் பட்டறையில் சொல்லி அந்த இரும்புத் துண்டை ஒட்ட வைத்தவர் தாத்தா.

“உனக்கு ரெண்டு வயசு. ராத்திரி காய்ச்சல் ஏறி வெட்டு வந்துடுச்சு. டிரெசர் பக்கத்துத் தோட்டத்துல இருந்தாரு. உன்னைச் சேலையில கட்டிக்கிட்டு நான்தான் ஓட்டிக்கிட்டுப் போனேன்.”

அப்பாவுக்குத் தெரிந்த கதையில், அன்று இரவு அவரைத் தூக்கிக்கொண்டு ஓட்டியவர் தாத்தா. அத்தைக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது.

“சொல்லவே இல்லையேம்மா.”

“லைசன்சு இல்லாம ஓட்டுனேன்னு ஊருக்கெல்லாம் சொல்லச் சொல்றியா? கிராணி பொண்டாட்டி மோட்டார் ஓட்டுறான்னு பேச்சு வேற வரும். உங்கப்பாதான் ‘நான் ஓட்டுனேன்னு சொல்லிக்கிறேன்’னாரு. கால் சரியானதும் நானும் விட்டுட்டேன்.”

விட்டுவிட்டதற்கு வருத்தமா என்று கேட்டேன். “பிரிக்பீல்ட்ஸ் ரோட்டுல ஒரு தரம் ஓட்டியிருக்கலாம்,” என்றார்.

அன்று இரவே அத்தை தொலைபேசியில் அழைத்து, நம்ப முடியாமல் பாட்டியைக் குறுக்கு விசாரணை செய்தார். லீவரைப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் அடங்கினார்.

சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவைப் புதுப்பிக்கும் வேலை இன்னும் முடியவில்லை. அதுவரை வண்டி காலி நிலத்தைத் தாண்டாது. தொட்டிக்கு அப்பா பச்சை பூசிவிட்டார். லீவரை மட்டும் மண்ணெண்ணெயில் துடைத்து, அப்படியே மாட்டினார். இங்கிலாந்திலிருந்து வந்த புது லீவர் உறை பிரிக்காமல் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.