சங்கத்திற்கு ஏற்ற டிரெய்லர் எது?

நெல் அறுவடை இயந்திரம், ரோட்டவேட்டர், வைக்கோல் கட்டும் இயந்திரம் முதலியவற்றை வாங்கி, அங்கத்தினர்களுக்கு மணி வாடகைக்கு விடும் கூட்டுறவுச் சங்கங்கள் இன்று பல உள. இயந்திரம் வாங்குங்கால் நிர்வாகக் குழுவினர் பன்முறை கூடிப் பேசுகின்றனர், விலைப்புள்ளிகளை ஒப்பிடுகின்றனர், அண்டைச் சங்கங்களுக்குச் சென்று விசாரிக்கின்றனர். அவ்வியந்திரத்தை ஊர் விட்டு ஊர் ஏற்றிச் செல்லும் டிரெய்லர் விஷயத்திலோ, 'குறைந்த விலைப்புள்ளி ஏற்கப்பட்டது' என்ற ஒரு வரித் தீர்மானத்தோடு காரியம் முடிந்துவிடுகிறது. ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் இத்தகைய தீர்மானங்களை நாம் அடிக்கடி காண்கிறோம். அவற்றால் விளைந்த நஷ்டத்தையும் கண்டிருக்கிறோம்.

நாம் பார்வையிட்ட ஒரு சங்கத்தில், மூட்டை ஏற்றுவதற்கென வாங்கிய இரு சக்கர டிரெய்லர் ஒன்று இருந்தது. 'ஐந்து டன் தாங்கும்' என்று பட்டறைக்காரர் சொல்லியிருந்தார். பெல்ட் வண்டி என்று வழங்கும் அறுவடை இயந்திரமோ ஏறக்குறைய மூன்று டன்தான். ஆகவே தாராளமாகத் தாங்கும் என்று எண்ணி, பின்புறம் சாய்வுப் பலகைகளை வைத்து இயந்திரத்தை ஏற்றலாயினர். இயந்திரம் டிரெய்லரின் பின் விளிம்பை மிதித்த கணமே பின்புறம் தாழ்ந்தது; முன்புறம் எழும்பி, டிராக்டரின் பின்பகுதியையும் சேர்த்துத் தூக்கிற்று. டிராக்டருக்குப் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களில். அச்சக்கரங்கள் தரையை அழுத்தாதபோது பிரேக் போட்டிருந்தும் பயன் என்ன? இடம் சற்றே சரிவாகையால் டிராக்டர் முன்னே நகர்ந்தது; பலகைகள் நழுவின; இயந்திரம் பக்கவாட்டில் கவிழ்ந்தது. ஓட்டுநருக்குக் காலெலும்பு முறிந்தது. அந்த அறுவடைப் பருவம் முழுவதும் இயந்திரம் பட்டறையிலேயே கிடந்தது. டிரெய்லர் உடையவில்லை, அது சொன்னபடியே ஐந்து டன் தாங்கக் கூடியதுதான். பாரம் எங்கே அமர்கிறது என்பதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

பார வண்டி ஓட்டிய பெரியவர்களுக்கு இது புதிய செய்தியன்று. முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பும். இரு சக்கர டிரெய்லருக்கும் அதே நியதிதான். மாட்டின் கழுத்துக்குப் பதிலாக டிராக்டரின் கொக்கி இருக்கிறது. ஓடும்போது டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொக்கியின்மேல் அமர்வது நலம். அதற்குக் குறைந்தால் டிரெய்லர் சாலையில் பாம்புபோல் வளைந்தாடும். மிகவும் கூடினாலோ டிராக்டரின் முன் சக்கரங்கள் இலேசாகி, ஸ்டீயரிங் பிடிக்குக் கட்டுப்படா. ஏற்றும் வேளையில் பின்பாரம் தவிர்க்க இயலாதது. ஆகையால் பின் விளிம்பின்கீழ் இரு முட்டுக்கால்கள் இல்லாத டிரெய்லரை இயந்திரம் ஏற்றுவதற்கு வாங்கவே கூடாது என்பது நம் கருத்து. அவற்றின் செலவு அற்பமே.

இனி எடையைக் கணக்கிடுவோம். இயந்திரம் 3 டன். டிரெய்லரின் சொந்த எடை ஒன்றரை டன் என்று கொள்வோம். ஆக நாலரை டன். இதை இழுக்கும் 50 குதிரைத்திறன் டிராக்டரின் எடையோ சுமார் 2 டன்தான். தன்னைப் போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட பாரத்தை அது சமதரையில் சிரமமின்றி இழுத்துவிடும். அதைக் கண்டுதான் பலர் ஏமாறுகின்றனர். பாலத்திலிருந்து இறங்கும் சரிவில் பிரேக்கை மிதிக்கும்போது, பின்னாலுள்ள நாலரை டன்னும் டிராக்டரை முன்னே தள்ளும்; பின்பகுதி ஒரு பக்கம் ஒதுங்கி, டிராக்டரும் டிரெய்லரும் கத்திரிபோல் மடங்கும். வேகம் இரட்டித்தால் நிறுத்துவதற்கு வேண்டிய தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க.

ஆகவே டிரெய்லருக்கே தனியாகப் பிரேக் உண்டா என்பதே முதற்கேள்வி. நாட்டுப்புறத்தில் ஓடும் டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்கு அது இல்லை. டிராக்டரோடு குழாய் வழியே இணையும் காற்றுப் பிரேக் அல்லது எண்ணெய்ப் பிரேக் சிறந்தது. அதற்கு டிராக்டரில் வசதியில்லையேல், தள்ளுவிசையால் தானே பிடிக்கும் வகையைக் கேட்கலாம். டிராக்டர் வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னே முட்டும். அந்த முட்டுதலே பிரேக்கை இயக்கும். பின்னோக்கித் தள்ளும்போதும் அது பிடித்துக்கொள்ளுமாதலால், விலக்கி வைக்கும் தாழ் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிரேக்குக்கு இடமில்லாத விலைப்புள்ளி எவ்வளவு குறைவாயினும், அதை ஒப்பீட்டுப் பட்டியலில் சேர்க்காதிருப்பதே முறை.

அடுத்தது இருசு. ஒற்றை இருசு டிரெய்லரில் மேற்சொன்ன நாலரை டன்னை ஏற்றினால், கொக்கியின் பங்கு போக, டயர் ஒன்றுக்குச் சுமார் 1,900 கிலோ விழும். பழைய லாரி டயரை மாட்டிக் கொடுக்கும் பட்டறைகளும் உண்டு. டயர் தாங்கும் எடை அதன் பக்கவாட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். படித்துப் பார்ப்பதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. முன்னொன்று பின்னொன்றாக இருசுகள் அமைந்த நாலு சக்கர டிரெய்லர் பாரத்தை நன்கு தாங்கும்; கொக்கியையும் அழுத்தாது. ஆனால் அதன் முன் இருசு தனியே திரும்புவதால், வரப்போரத்தில் பின்னோக்கி ஓட்டுவது தேர்ந்த ஓட்டுநருக்கும் கடினம். நடுவில் இரண்டு இருசுகள் அடுத்தடுத்து அமைந்த வகையே இயந்திரம் ஏற்றும் சங்கங்களுக்கு ஏற்றது என்போம். டயர் ஒன்றுக்கு ஒரு டன்னுக்கும் குறைவாகவே விழும். பின்னோக்கி ஓட்டுவதும் எளிது. குறுகிய திருப்பங்களில் டயர் தேயும் என்பதே அதன் குறை.

தளத்தின் உயரமும் கவனிக்கத்தக்கது. தளம் 3 அடி உயரமாக இருந்து பலகை 6 அடியாக இருந்தால், இயந்திரம் 30 பாகைச் சரிவில் ஏற வேண்டும், அது அபாயம். அதே உயரத்துக்கு 12 அடிப் பலகை வைத்தால் சரிவு பாதியாகக் குறையும். தளத்தையே தாழ்த்திவிட்டால் பலகையும் குறுகும். மின்கம்பிகளின் கீழ்ச் செல்லும்போதும் அச்சம் குறையும். எனினும் நீளமான தாழ்தளம், வாய்க்கால் மதகின் மேட்டில் அடிவயிறு தட்டி நின்றுவிடக் கூடும். உங்கள் ஊர்ப் பாதைகளை அளந்து பார்த்தே இதை முடிவு செய்ய வேண்டும்.

நெசவாளர் சங்கத்தார்க்கு இக்கட்டுரையால் என்ன பயன் என்று கேட்கலாம். துணிக்கு மெருகிடும் காலண்டர் இயந்திரத்தை இடம் மாற்றும்போது, இரும்பு உருளைகளின் பாரமெல்லாம் மேற்பகுதியில் நிற்கும். வளைவில் கவிழ்வது அத்தகைய பாரமே. கயிறு தளரும்; நான்கு மூலையிலும் சங்கிலியால் இறுக்கிக் கட்டுதற்குரிய வளையங்கள் தளத்திலேயே பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஆண்டில் சில நாட்களே இயந்திரத்தை நகர்த்தும் சங்கம் டிரெய்லர் வாங்காமல் லாரியை வாடகைக்கு அமர்த்துவதே சிக்கனம். இதைச் சொன்னால் சில தலைவர்களுக்கு வருத்தம் உண்டாகிறது. ஆயினும் வண்டிப் புத்தகத்தில் ஓட்ட நாட்களை எண்ணிப் பார்த்த பின்பே இதைக் கூறுகிறோம்.

வாங்குவதென்று முடிவானால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் பதிவு செய்யப்பட வேண்டிய வாகனமே என்பதை நினைவிற்கொள்க. காப்புறுதி எடுக்கும்போது, அங்கத்தினர்களுக்கு வாடகைக்கு ஓடுவது அதில் அடங்குமா என்று எழுத்து மூலம் கேட்டு வாங்குக. 'விவசாய உபயோகத்துக்கு மட்டும்' என்ற வாசகத்தால் நஷ்ட ஈட்டு வழக்குகள் இழுபட்டதுண்டு.

விலைப்புள்ளி கோரும் கடிதத்தில் 'ஐந்து டன் டிரெய்லர்' என்று மட்டும் எழுதாமல், ஏற்றும் பாரம் எவ்வளவு, சொந்த எடை எவ்வளவு, இருசும் டயரும் தாங்கும் எடை எவ்வளவு என்று தனித்தனியே கேட்க வேண்டும். வண்டி வந்ததும் கடைசித் தவணையைக் கொடுக்குமுன் எடைமேடைக்கு ஓட்டிச் சென்று, வெறுமையாக ஒரு முறையும், இயந்திரத்தை ஏற்றி ஒரு முறையும் நிறுத்துப் பார்த்து, இரு சீட்டுகளையும் விலைப்புள்ளிக் கோப்பிலேயே இணைத்து வைக்க. ஆய்வுக்கு வரும்போது நாம் முதலில் கேட்பது அச்சீட்டுகளையே.