குழியும் பகடையும்

ஏற்காட்டில் மழை சேர்வராயன் மலையை மூடிக்கொண்ட ஒரு மாலை, தங்கியிருந்த வீட்டில் பிள்ளைகள் பல்லாங்குழியையும் பரமபதத்தையும் எடுத்து வைத்தனர். பகடை உருட்டுவதை ஒதுக்கி வைக்குமாறு பெரியவர் ஒருவர் கூறினார். “அப்படியானால் குழியாட்டம் மட்டும் கூடுமா?” என்று சிறுமி ஒருத்தி வினவினாள்.

இவ்வினாவுக்கு ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஹஜர் அல்-ஹைத்தமீ (ரஹ்) 16ஆம் நூற்றாண்டிலேயே தமது ‘துஹ்ஃபத்துல் முஹ்தாஜ்’ நூலில் அளவுகோல் வகுத்துள்ளார். கணக்கை ஆதாரமாகக் கொண்ட ஆட்டம் ஹராமன்று. வெறும் ஊகத்தைச் சார்ந்தது ஹராம். முன்னதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு ‘மன்கலா’. குழிகளிலிருந்து கற்களை எண்ணி நகர்த்தும் அது, நம் பல்லாங்குழியின் உடன்பிறப்பே. இத்தகைய ஆட்டங்களில் இரு தரப்பும் பந்தயம் வைத்தால் அது சூதாகிவிடும் என்பது தனிச் செய்தி.

ஆட்டங்களை வடிவமைப்போர் இன்று முதலில் கேட்பதும் ஏறத்தாழ இதே கேள்விதான்: முடிவை நிர்ணயிப்பது ஆடுபவரா, பகடையா? பரமபதத்தில் ஆடுபவர் தீர்மானிப்பதற்கு ஒன்றுமில்லை. மூன்று புலியும் பதினைந்து ஆடும் மோதும் ஆடுபுலி ஆட்டத்திலோ அதிர்ஷ்டத்துக்கு இடமேயில்லை. ஓர் ஆட்டைக் கூட்டினாலோ குறைத்தாலோ எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத் திரும்பத் திரும்ப ஆடித்தான் அறிய இயலும்.

பல்லாங்குழி சற்றுச் சிக்கலானது. பரவலாக ஆடப்படும் ஒரு முறையில் 14 குழிகள், குழிக்கு ஐந்தாக 70 முத்துகள். ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாக இட்டுச் செல்வர். கை வெறுமையானதும் அடுத்த குழியை அள்ளித் தொடர்வர். அக்குழி காலியெனில், அதற்கடுத்த குழியின் முத்துகள் ஆடியவருக்கு. நான்கு சேர்ந்த குழி ‘பசு’. ஒரே ஆட்டம் இரண்டு, மூன்று சுற்று ஓடுவதுண்டு. அதை முன்கூட்டியே மனத்தில் எண்ணி முடிப்பவர் சிலரே. ஏனையோர் குழியைக் குருட்டாம்போக்கில் தெரிவு செய்கின்றனர். அவர்களுக்கு அது பகடைக்கு நிகர்தானே? இருப்பினும் முத்து எதையும் மறைப்பதில்லை. எண்ண முயல்வோருக்கு வழி திறந்தே கிடக்கிறது. பகடையில் அவ்வழியே இல்லை. அல்-ஹைத்தமீ கண்ட வேறுபாடு இதுவே எனக் கருதுகிறேன்.

பதிப்பிப்போர் எதிர்கொள்ளும் இடர் வேறு. 2002இல் வினிதா சித்தார்த்தா சென்னையில் தொடங்கிய ‘கிரீடா’ நிறுவனம் பாட்டிமார் ஆடிய ஆட்டங்களைப் பெட்டியில் இட்டு விற்பனைக்குக் கொணர்ந்தது. பாட்டியோ ஊருக்கு ஊர் வேறு விதி சொல்வார். அச்சுத் தாளோ ஒன்றைத்தான் நிலைநிறுத்த வேண்டும். அத்தாளை மட்டும் ஆட்டமறியாதவர் கையில் கொடுத்து, வடிவமைத்தவர் வாய் திறவாமல் அருகிலிருந்து பார்ப்பதே தக்க சோதனை.

அன்று ஏற்காட்டில் எங்களிடம் தாள் ஏதுமில்லை. ‘பசு’ யாருக்கு உரியது என்பதில் இரு சிறுமியரும் இரவு உணவு வரை வழக்காடினர்.