காணி உறுதியை ஈடு வைக்க முன்

சில மாதங்களுக்கு முன் ஒரு தந்தை காணி உறுதியோடு என்னிடம் வந்தார். மகள் உயர்தரத்தில் சித்தியடைந்திருந்தாள். ஆனால் வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் நான்கு வருடப் பட்டப்படிப்பு, கட்டணம் 10 இலட்சம். “ஈடு வைத்தால் சரிதானே சுவாமி?” என்றார்.

1945 முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி உள்ள நாடு நமது. அதனால் படிப்பைக் கொள்முதலாகப் பார்க்க நாம் பழகவில்லை. கடன்பட்டுப் படிப்பதென்றால் பார்த்தே ஆகவேண்டும். மூவரும் இருந்து கணக்கிட்டோம்.

நூற்றுக்கு 15 வட்டியென்று வைத்தோம். முழுத்தொகையையும் முதலிலேயே எடுத்தால், கூட்டுவட்டியை விட்டாலும் வருடம் ஒன்றரை இலட்சம். நான்கு வருடத்தில் 6 இலட்சம். ஆக 16 இலட்சம். அவளுக்கு ஊரில் 30,000 ரூபாவுக்கு வேலை கிடைக்கவிருந்தது. படிக்கும் 48 மாதத்தில் அது 14 இலட்சத்து 40 ஆயிரம். இதை யாரும் செலவென்று எழுதுவதில்லை, ஆனால் செலவுதான். மொத்தம் 30 இலட்சத்து 40 ஆயிரம். கொழும்பில் அறை வாடகை வேறு.

இனி வரவு. பட்டதாரியாகி 50,000 பெற்றால் பட்டத்தின் வரவு 50,000 அல்ல, மேலதிகமான 20,000 மட்டுமே. பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். வருடத்துக்கு 2 இலட்சத்து 40 ஆயிரம். கடன் நிற்கும்வரை அதிலும் ஒன்றரை இலட்சம் வட்டிக்கே போகலாம். வட்டியே இல்லையென்றாலும் போட்டதை எடுக்கப் பன்னிரண்டரை வருடத்துக்கு மேல் செல்லும்.

சம்பள வித்தியாசம் 60,000 என்றால் கணக்கு முற்றாக மாறும். ஆகவே முன்னர் அங்கே படித்து வெளியேறியவர்கள் இன்று என்ன பெறுகிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள், விளம்பரத்திடம் கேட்காதீர்கள். பட்டத்துக்கு உரிய அங்கீகாரம் உண்டா என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் விசாரியுங்கள். இடையில் விட்டவருக்குப் பட்டம் இராது, கடன் இருக்கும்.

2017இல் அரசு தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன், வேலைசெய்துகொண்டே படிக்கக்கூடிய திறந்த பல்கலைக்கழகம், தேசிய தொழிற்றகைமைப் பயிற்சிகள் ஆகியவற்றையும் இதே கணக்கில் போட்டுப் பார்க்கலாம். பணத்தால் அளக்கமுடியாத பயன் படிப்புக்கு உண்டு, நான் மறுக்கவில்லை. வங்கி அதற்காகத் தவணையைக் குறைப்பதில்லை.

மகள் அதுவரை பேசவில்லை. பிறகு, “படிச்சு முடிச்சு ஒரு வருசம் வேலை இல்லாட்டி?” என்றாள். வட்டி ஒன்றரை, இழந்த சம்பளம் 3 இலட்சத்து 60 ஆயிரம் என்று கூட்டினோம். தந்தை உறுதியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண நிலையம் எங்கே என்று கேட்டார்.